டெராமானின் தொப்பிக்குள் மூன்று முட்டைகள்

மலேசியாவின் கிளந்தான் ஆற்றின் எங்கள் கரையில் இன்ஜின் வைத்த படகைச் சொந்தக் காசில் வாங்கிய முதல் ஆள் நான், யூசோ. படித்தது மூன்றாம் வகுப்பு. வெள்ளம் வந்தால் பட்டணத்து அதிகாரிகளே என்னைத் தேடித்தான் வருவார்கள். இப்படிப்பட்ட நான், சைக்கிள் பழுதுபார்க்கிற டெராமானைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று என் மனைவியே கேட்டாள். எழுதத் தோன்றியது, எழுதுகிறேன்.

டெராமான் தோள் குறுகி, தரையைப் பார்த்தே நடப்பவன். ஒண்டிக்கட்டை. அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவன் வளர்த்த செராமா சேவல் அவனுக்கு நேர்மாறு. உள்ளங்கையில் அடங்குகிற கோழி ஜாதி அது. ஆனால் நெஞ்சை வானத்துக்குத் தூக்கி, தலை வாலில் முட்ட, இறக்கைகளைத் தரை நோக்கித் தொங்கவிட்டு நடக்கும். அதற்கு அவன் வைத்த பெயர் டத்தோ. சுல்தான் கொடுக்கிற அந்தப் பட்டத்தை எங்கள் ஊரில் வாங்கிய ஒரே ஜீவன். காலையில் கடை திறந்ததும் பழைய டயர் மேல் அதை ஏற்றிவிடுவான். இளவெயிலில் அது நிற்பதைப் பார்த்தபடி, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

அந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் டத்தோ செத்துப்போனது. மிஞ்சியது, இந்தான் என்ற பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்த மூன்று முட்டைகள். டத்தோவின் வாரிசு அவ்வளவுதான். அவை பொரிக்கிற தறுவாயில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் வானம் கிடந்தது. தென்னைகள் அதற்குள் தலைகீழாக வளர்ந்து நின்றன. என் படகு மேகத்தின் மேல் போயிற்று. கூரை விளிம்பில் டெராமான், பெருநாளுக்குக் கிளம்பியவன்போல் கறுப்பு சொங்கோக் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கூடையில் இந்தான்.

முட்டை எங்கே என்று கேட்டேன். தலையைக் காட்டினான். தண்ணீரைக் கண்டு மிரண்டு இந்தான் அடையைவிட்டு எழுந்துவிட்டதாம், மறுபடி உட்கார மறுக்கிறதாம். துணியில் சுற்றித் தன் தலைமேல் வைத்து, தொப்பியால் மூடியிருக்கிறான். ஆறிப்போனால் எல்லாம் போச்சு என்றான்.

"இன்ஜின் வேணாம் அபாங், அதிரும். ஒண்ணு உள்ளேருந்து கொத்த ஆரம்பிச்சிருச்சு. என் மண்டையில தெரியுது."

அபாங், அதாவது அண்ணன் என்றுதான் என்னைக் கூப்பிடுவான். என் இன்ஜினை அதுவரை ஒருவரும் வேண்டாம் என்றதில்லை. ஆனாலும் அணைத்தேன். துடுப்புப் போட்டேன். எங்களுக்குக் கீழே அவன் பட்டறையும் சைக்கிள்களும் மங்கலாகக் கடந்து போயின. ஒரு கைப்பிடி மணி வெயிலில் மின்னி, ஏதோ மீனைப்போல மறைந்தது. எங்கேயோ ஒரு வீட்டுக் கதவு தண்ணீரில் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் எல்லோரும் தங்கியிருந்தார்கள். சோறு போட்ட மெக் யாம் வாய்த்துடுக்கானவள். கழுத்தை அசைக்காமல் சாப்பிடுகிறவனைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்ன டெராமான், நிமிர்ந்து உக்காந்திருக்கே? மாப்பிள்ளை பார்க்க யாராச்சும் வர்றாங்களா?"

அவன் சிரித்தான், தலையை ஆட்டாமல்.

சாயங்காலத் தொழுகையான அஸர் நேரம் வந்தது. முதல் வரிசையில் அவன் நிற்காத தொழுகை கிடையாது. இமாம் திரும்பி, இடம் இருக்கிறது வா என்று கூப்பிட்டார். டெராமான் முகம் வெளிறிப்போயிற்று. சுஜூதில் நெற்றி தரையில் பட வேண்டுமே. முழங்கால் வலியால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னிடம் வந்து குனியாமல் நின்றான்.

"நாலு ரக்அத்து நேரம், அபாங். நீங்க வச்சுக்குறீங்களா?"

"துடுப்புப் போடுற கைடா இது."

"அதான் கேக்குறேன். சூடா இருக்கும்."

அதில் அவன் சொன்னது நிஜம். எழுபதைத் தாண்டியும் இந்தக் கை சில்லிட்டதில்லை. என் தொழுகையைப் பிறகு தொழுதுகொள்ளலாம் என்று முட்டைகளை இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கிக் கைலி மடிப்பில் பொத்திக்கொண்டேன். அதற்குள் முதல் வரிசை நிறைந்திருந்தது. அவன் கடைசி வரிசையில், எனக்கு வலப்பக்கம் போய் நின்றான்.

அஸரில் இமாம் சத்தமாக ஓதுவதில்லை. கூடம் முழுக்க மௌனம். வெளியே நிற்கிற வெள்ளத்தின் ஒளி உத்தரத்தில் வலைபோல ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே அலையாகக் குனிந்தார்கள், எழுந்தார்கள். என் கைக்குள் ஓடு விரிசல் விட்டது. ஈரமாக ஏதோ ஒன்று என் கட்டைவிரலை உதைத்தது. பிறகு அது கத்தியது. உளுந்துபோன்ற அலகிலிருந்து வந்த சத்தம் கூடத்தின் கடைசிவரை கேட்டது. டெராமானின் தோள் ஒருமுறை நடுங்கியது. தொழுகையில் இருப்பவன் திரும்பக் கூடாது. அவன் திரும்பவில்லை.

எத்தனையோ பேரை வெள்ளத்திலிருந்து ஏற்றி வந்தவன் நான். ஆனால் என் கையிலேயே பிறந்தது அது ஒன்றுதான். இந்தப் பெருமை கிளந்தானில் வேறு எந்தப் படகுக்காரனுக்கும் இல்லை.

கடைசி இருப்பில், தொழுகையை முடிக்க, அவன் வலப்பக்கம் முகம் திருப்பிச் சலாம் சொன்னான். பிறகு இடப்பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் நான் கையை விரித்துக் காட்டியபடி உட்கார்ந்திருந்தேன். உதடு சலாமைச் சொல்லி முடித்த பிறகும் அவன் முகம் அங்கேயே இருந்தது.