கொட்டாமல் வடிகட்டிய தண்ணீர்

எழுபதுகளின் நடுவில், விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு தூத்துக்குடித் துறைமுகத்தின் சுகாதாரப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. நாசரேத்து வாத்தியார் மகள் கொசுப்புழு பிடிக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமே இல்லை. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் கிடையாது; அதைப் பரப்பும் கொசு மட்டும் ஏராளம். ஆப்பிரிக்கத் துறைமுகங்களைத் தொட்டு வரும் கப்பலிலிருந்து காய்ச்சலோடு ஒரு மாலுமி இறங்கி, அவனை நம் ஊர்க் கொசு கடித்தால் போதும். அதனால் துறைமுகத்தைச் சுற்றி அந்தக் கொசு வளரவே கூடாது என்பது விதி.

அது வளர்ந்த இடமோ தோணிக்காரர்கள் குடியிருந்த சந்து. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது வீட்டுக்கு வீடு இரும்பு டிரம்மில் பிடித்து வைப்பார்கள். புழு இருந்தால் கொட்டிவிடு என்பது எங்களுக்கு இடப்பட்ட உத்தரவு.

நான் போன முதல் வீட்டிலேயே, அகப்பையில் அள்ளிய தண்ணீரில் புழுக்கள் துள்ளின. கூட வந்த ஊழியர் டிரம்மைச் சாய்க்கப் போனார். அந்த வீட்டுப் பெண் ஓடிவந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கணவர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

“நீங்க கொட்டிட்டுப் போயிருவிய. எம்பிள்ளைய எதக் குடிக்கும்? கடத்தண்ணியவா?”

அவர் கேட்டது நியாயம். எனக்குப் புழு சாக வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் மேல் எனக்கென்ன கோபம்?

“அண்ணாச்சி, கைய எடுங்க” என்று ஊழியரிடம் சொன்னேன். “அக்கா, பழைய வேட்டி இருந்தா கொண்டாங்க. குடம், பானை எல்லாத்தையும் எடுங்க.”

வேட்டியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, நானே மொண்டு ஊற்றினேன். துணியில் புழுக்கள் கூட்டமாக நெளிந்தன. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம் அந்தப் பெண், “ஏளா, இதையா குடிச்சுக்கிட்டு இருந்தோம்?” என்றார். டிரம்மின் உட்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும் என்று சொன்னதும், தேங்காய் நாரை எடுத்து அவரே தேய்த்தார். வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினோம்.

“இதுல என்ன சீக்கு இருக்கு டீச்சர்?” சேலை கட்டிய படித்த பெண் எல்லோருமே அவருக்கு டீச்சர்தான்.

“இப்ப ஒண்ணுமில்ல. சீக்கோட ஒருத்தன் கப்பல்ல வந்தா, இந்தக் கொசுதான் அத உங்க வீட்டுக்குக் கொண்டாரும்.”

“எங்க வீட்டு ஆளும் கப்பக்காரங்களோடதான பழகுதாரு” என்றார். மறுநாள் நான் போவதற்குள் பாதிச் சந்தில் டிரம் வாய்க்கு வேட்டி கட்டியாகிவிட்டது.

எங்கள் சுகாதாரப் பிரிவு அதிகாரிக்குக் கோபம். “கொட்டணும்னுதானே உத்தரவு?”

“புழு இருக்கான்னு நீங்களே வந்து பாருங்க சார்.”

வந்தார். வீடு வீடாக அவரே மொண்டு பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு டிரம்மைத் திறந்தபடி விட்டு நடந்தவரை அந்தப் பெண் நிறுத்தினார்: “சார், கட்டிட்டுப் போங்க.” அவர் திரும்பி வந்து கட்டினார். அந்த வாரமே உத்தரவில் ‘வடிகட்டலாம்’ என்ற சொல் சேர்ந்தது.

சில மாதம் கழித்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கப்பலில் மாலுமி ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். கொசுவலைக்குள் தனியாக வைத்தார்கள். மஞ்சள் காய்ச்சலோ என்று அலுவலகம் முழுக்கப் பதறியது. நான் பதறவில்லை; தோணிக்காரர் சந்து முழுவதையும் முந்தின நாள்தான் சுற்றிப் பார்த்திருந்தேன். பரிசோதனையில் அது மலேரியா என்று தெரிந்தது. அன்று மாலையும் அகப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது, சந்தில் யாரோ புதிதாக இரண்டு டிரம் வாங்கிப் போட்டிருந்தார்கள்.