அறுநூறு பேருக்குச் சமைப்பவனின் ஞாயிற்றுக்கிழமை

என் கொழுந்தன் இஷ்ஃபாக்குக்கு இரண்டு கையும் ஒரே அளவு கிடையாது. வலது கை தடித்தது. பதினாறு வயதிலிருந்து கல்யாண வீடுகளில் ஆட்டுக்கறியைக் கல்லில் போட்டு மரச்சுத்தியலால் இடித்து இடித்து அப்படி ஆகிவிட்டது. அவன் கைப்பட்ட கறியுருண்டையை ஸ்ரீநகரில் பாதிப் பேராவது தின்றிருப்பார்கள். அவன் மனைவி உல்ஃபத் மட்டும் அவனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியும் இதுதான் கதை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்பார் என் மாமியார். நான் சொல்வேன். குறை சொல்ல எனக்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை. இஷ்ஃபாக் ஒரு வாஸா, அதாவது கல்யாணச் சமையல்காரன். வந்தவர்கள் எல்லோரும் தின்று கைகழுவிப் போன பிறகுதான் அவனுக்குச் சோறு. அதுவும் அண்டா ஓரமாக, நின்றபடி நாலு வாய். வீட்டுக்கு வந்தாலும் பழக்கம் விடவில்லை. உல்ஃபத் அவனுக்குச் சேர்த்துச் சோறு போட்டால், "நீ சாப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நின்றுகொள்வான். சாப்பிடுகிறவளைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்குள் உல்ஃபத்துக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே. சோப்பூரில் அவள் அண்ணன் ஆப்பிள் பெட்டிகளை எல்லாம் லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, வருகிற வியாழக்கிழமை அவளை அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தான். போனால் திரும்புவதற்கு வாதுமை மரம் பூத்துவிடும். செப்டம்பரிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இலை கொட்டி முடியறதுக்குள்ள ஒரு நாள் வெளிய போவோம். நீங்களும் நானும் ஒரே தட்டுல உக்காந்து சாப்பிடணும். நகையா கேட்டேன்?"

நகை கேட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். இலையுதிர் காலம்தான் எங்கள் ஊரில் கல்யாண காலம். ஆனாலும் பையன் முயலாமல் இல்லை. செப்டம்பர் கடைசியில் ஹார்வன் தோட்டத்துக்குப் போகலாம் என்று கிளம்பினான். கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னதுதான் அவன் செய்த தப்பு. எங்கள் வீட்டில் "தோட்டம்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த நிமிடம் தேநீர் போடும் சமோவாரில் கரி போட்டாகிவிடும். ஒரு வண்டியில் பதினான்கு பேர் ஏறினோம். இஷ்ஃபாக் முன்னால், ஓட்டுநர் பக்கத்தில். உல்ஃபத் கடைசி வரிசையில், முழங்காலுக்கு நடுவே சமோவாரைப் பிடித்துக்கொண்டு. சாப்பாட்டு நேரத்தில் அவன் பதின்மூன்று பேருக்கும் நின்று பரிமாறினான்.

இரண்டாம் முறை இருவரும் யாரிடமும் மூச்சுவிடாமல் ஸ்கூட்டரில் பாம்போர் போனார்கள், குங்குமப்பூ பார்க்க. வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்துவதற்குள் போன் வந்தது. ஆட்டை அறுத்தாயிற்று, உடனே வா என்றார் வஸ்தா. வஸ்தா என்பவர் அவர்கள் குழுவின் தலைமைச் சமையல்காரர். அவர் கூப்பிட்டால் சாவு வீட்டுத் தொழுகையிலிருந்தே எழுந்து போகிற கூட்டம் அது. ஸ்கூட்டர் அப்படியே திரும்பியது.

"குங்குமப்பூ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஊதாவா இருந்துச்சுக்கா. ஓடுச்சு" என்றாள் உல்ஃபத்.

ஆனால் வேலையில்லாத பகல்களில் இரண்டும் மாடியில் உட்கார்ந்து குளிர்காலத்துக்குக் காய் உலர்த்தினதைப் பார்க்க வேண்டும். கத்தரிக்காயை நான்காகப் பிளந்து, சுரைக்காயைச் சுருள் சுருளாகச் சீவி, நூலில் கோத்து ஜன்னல் முழுக்கத் தொங்கவிட்டார்கள். ஒரு மாலையை முடிக்க இரண்டு மணி நேரம். நான் தனியாக அதே நேரத்தில் ஒன்பது கோப்பேன். நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அங்கேதான் அவள் அவனுக்கு வீட்டுச் சமையல் சொல்லிக்கொடுத்தாள். கத்தரிக்காயோடு பம்சூந்த் சேர்த்து வைக்கிற புளிப்புக் குழம்பு. ஆப்பிளின் முரட்டு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தக் காய் இந்தப் பருவத்தில் மட்டும்தான் கிடைக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேட்க வேண்டுமா, வாரத்துக்கு மூன்று நாள் அதேதான்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கல்யாணம் எதுவும் இல்லை என்று வஸ்தாவிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்தான் இஷ்ஃபாக். குழம்பைத் தானே வைக்கப்போவதாகவும், உல்ஃபத் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்றும் அறிவித்தான். காலையில் என்னிடம் வந்து காதோடு காதாகக் கேட்டான்.

"மதினி, ரெண்டு பேருக்குன்னா எத்தனை கத்தரிக்காய்?"

"அறுநூறு பேருக்கு எத்தனை?"

"அது தெரியும்."

"அப்ப அதை முந்நூறால வகுத்துக்கோ."

அவன் நிஜமாகவே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். நானே நாலு காயை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். உப்பைப் பற்றி அவனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஏழு மாதக்காரியைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால் காவலுக்கு நானும் போனேன். நிஷாத் தோட்டத்தில் பெரிய சினார் மரத்தடியில் அவர்கள் விரிப்பைப் போட்டார்கள். பத்தடி தள்ளி, ஏரியைப் பார்த்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி நான் உட்கார்ந்தேன். முதுகைத் திருப்பலாம், காதைத் திருப்ப முடியாதே.

"இது நாலு பேர் தட்டுங்க" என்றாள் உல்ஃபத். நான் லேசாகத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய செம்புத் தாம்பாளத்தைச் சுமந்து வந்திருக்கிறான் மகராசன்.

"என்கிட்ட இதுதான் இருக்கு. கையை நீட்டு" என்று, கெண்டியிலிருந்து அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். சோற்றைக் குவித்தான். குழம்பை ஊற்றினான். ஊற்றிவிட்டு, தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக அவள் பின்னால் போய் நின்றுகொண்டான். எனக்கு எழுந்துபோய் ஒரு அறை விடலாம் போல இருந்தது.

"உக்காருங்க."

"முதல்ல நீ சாப்பிடு. எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

இன்னொரு கரண்டி விழும் சத்தம். அவள் தண்ணீர் கேட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கை எப்போதும் அண்டாவுக்குப் போடுகிற கை அல்லவா.

"நல்லாத்தான இருக்கு?"

"உக்காந்தா சொல்றேன்."

அவன் குந்தினான்.

"இது உக்கார்றது இல்ல. அடுப்பு ஊதறது. காலை மடக்குங்க."

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவன் முதல் கவளத்தை வாயில் போட்டு மெல்லுவது கேட்டது.

"உப்பு" என்றான் இஷ்ஃபாக், செத்த குரலில்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நின்னுக்கிட்டு இருக்கிறவர்கிட்ட என்னத்தச் சொல்றது? சொன்னா அதைச் சரிபண்ண ஓடிடுவீங்க. பதினோரு மாசமா எதையாவது சரிபண்ண ஓடிக்கிட்டேதான் இருக்கீங்க."

"இரு, வெறுஞ்சோறு கொஞ்சம் கலந்தா…" என்று அவன் எழுந்தான். அவள் அவன் அங்கியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. உப்பாவே இருக்கட்டும்."

அவன் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் இருபது வருடமாக என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. அவரிடம் இப்படி ஒரு பேச்சு நான் பேசியதில்லை.

அப்போது பார்த்து இஷ்ஃபாக்கின் போன் அடித்தது. நான் முழுதாகவே திரும்பிவிட்டேன். அவன் போனைப் பார்த்தான், உல்ஃபத்தைப் பார்த்தான். அவள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "மதினி, நீங்க பேசுங்க" என்றான்.

வஸ்தாதான். "எங்க அவன்? நாளைக்கு ஒரு கல்யாணம் திடீர்னு வந்துடுச்சு. கறி இடிக்க ஆளில்ல. போனை அவன்கிட்ட குடும்மா."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

"நின்னு நாலு வாய் போட எவ்வளவு நேரம்? முடிச்சுட்டு ஓடி வரச் சொல்லு."

"உக்காந்து சாப்பிடறான்."

"உக்காந்தா? எங்க?"

"தாம்பாளத்துல. பொண்டாட்டியோட."

ஐம்பது வருடம் ஊருக்கெல்லாம் பந்தி வைத்த மனிதர். கத்தப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"தாம்பாளத்துல உக்காந்தவனை நாம எப்பம்மா எழுப்பியிருக்கோம்?" என்றார். "சாப்பிடட்டும். நான் வேற ஆளைப் பாக்கறேன்."

நான் போனை என் அங்கிக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஏரிப் பக்கம் திரும்பினேன். அந்த உப்புக் குழம்பில் ஒரு சொட்டு மீதி வைக்காமல் இரண்டு பேரும் தின்று தீர்த்தார்கள். அன்று சாயங்காலம் வரை நான்தான் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.