வாலாம்பாள் போன வருஷத்துத் தீபாவளி

மாதுங்காவில் அந்தக் கட்டடத்தில் குடியிருந்த எல்லோருக்கும் நாணுவைப் பற்றி ஒரு சங்கதி தெரியும். அவருக்குச் சாமி கிடையாது. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட் குமாஸ்தா. அதிர்ந்து பேசமாட்டார், யாரிடமும் வாதத்துக்குப் போகமாட்டார். ஆனால் பண்டிகை என்று வந்தால் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் நடந்துவிடுவார்.

பாலக்காட்டில் இருந்தபோதே விழுந்த முடிச்சு அது. அவருடைய தங்கை பாகீரதி பதினொரு வயதில் தாலி அறுத்தவள். அடுத்த தீபாவளிக்கு வீட்டில் எல்லோரும் கோடி உடுத்திக்கொண்டு வாசலில் நிற்க, அவளைச் சமையலறைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நாணு ஒரு மத்தாப்பைக் கொளுத்தி அவளிடம் கொண்டுபோனார். அப்பா அதைக் கையிலிருந்து தட்டிவிட்டார். தங்கைக்கு இல்லாத பண்டிகை எனக்கும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தவர், யோசிக்க யோசிக்க, அந்தப் பண்டிகைக்குரிய சாமியையும் விட்டுவிட்டார்.

வாலாம்பாளைக் கல்யாணம் செய்துகொள்ளும் முன்பே இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அதற்காகக் கலங்கவுமில்லை, தன் வழியை விடவுமில்லை. தீபாவளிக்கு விடியும் முன்பே எழுந்து, மகள் ராஜலக்ஷ்மிக்கு எண்ணெய் தேய்த்து, உக்காரை கிளறி, விளக்கேற்றிக் கும்பிடுவாள். நாணு எழுந்து வரும்போது எண்ணெய்க் கிண்ணம் சூடாக இருக்கும்.

"கேட்டேளா, எண்ணெய்க்குக் கட்சி ஒண்ணும் கிடையாதாக்கும். ஒரு கை வெச்சுக்கோங்கோளேன்."

"இன்னிக்கு வேண்டாம். சனிக்கிழமை தேச்சுக்கறேன்."

"உக்காரை?"

"அதைக் கொண்டா."

அவள் சிரித்துக்கொண்டே தட்டை வைப்பாள். வருஷாவருஷம் இதே பேச்சு. இரண்டு பேருக்குமே அது பிடித்திருந்தது.

உலகச் சண்டை முடிகிற தறுவாயில், ஆடி மழையில், வாலாம்பாளை டைபாய்டு கொண்டுபோயிற்று. சயான் மயானத்தில் அவள் அண்ணா வேங்கடசுப்ரமணியன் நாணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். காட்கோபரிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்தார்.

"உமக்கு நம்பிக்கை இல்லை, சரி. அவ நம்பினாளே. அவளுக்காகப் பண்ணும் ஓய்."

"நம்பாத மந்திரத்தை அவளுக்கு முன்னால நின்னுண்டு சொன்னா, அவகிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் நாணு. "இதுவரைக்கும் சொன்னதில்லை."

கடைசியில் எல்லாக் கர்மங்களையும் அண்ணாவே செய்தார். நாணு மகளின் தோளைப் பிடித்தபடி, மழைக்கு ஒதுங்கித் தள்ளி நின்றார். செய்தது சரி என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்றவர்களுக்குப் பத்து நாள் காரியம், தர்ப்பை, எள்ளு, தண்ணீர் என்று ஏதோ ஒரு வேலை இருந்தது. அவருக்கு ஒன்றுமே இல்லை. மறுவாரம் ஆபீஸ் போனார். டைப் அடித்தார்.

ஐப்பசி பிறந்தது. சண்டை ஓய்ந்தபின் வருகிற முதல் தீபாவளி. பட்டாசுக் கடைகள் மறுபடி முளைத்தன. மராட்டியர் வீடுகளில் ஆகாச கந்தில் என்கிற காகித விளக்குக் கூண்டுகள் தொங்கின. பக்கத்துப் போர்ஷன் அகிலாண்டம் மாமி வாசலில் வந்து நின்றாள். வாலாம்பாளுக்கு உயிர்ச் சிநேகிதி அவள்.

"ராஜிக்குப் புதுசு ஒண்ணும் எடுத்துடாதீங்கோ. வருஷம் திரும்பல்லியே, பண்டிகை கிடையாது. பலகாரம் நான் கொண்டு தரேன்."

நாணு தலையாட்டினார். அவருக்கு அது சௌகரியமாகக்கூட இருந்தது.

மாமி போனதும் ராஜி வந்து நின்றாள். ஒன்பது வயசு. அம்மாவைப் போலவே, கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிற பெண்.

"ஏம்ப்பா நமக்குப் பண்டிகை கிடையாது?"

"அம்மா போயிட்டாளோன்னோ. ஒரு வருஷம் தீட்டுன்னு சொல்லுவா."

"தீட்டுன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"ஆமாம். நான் எப்பவும்தான் கொண்டாடறதில்லையே."

"நானும் அம்மாவும் கொண்டாடினோமே" என்றாள் ராஜி.

மறுநாள் முழுக்க, ரயிலிலும் ஆபீஸிலும், அந்த வார்த்தை அவரை விடவில்லை. தன் வீட்டில் தீபாவளி இல்லை என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். இருந்திருக்கிறது. அவர் மட்டும் அதில் இல்லை. இப்போது சும்மா இருந்துவிட்டால், தீட்டுக்குத் தலைவணங்கினதாகவே ஆகும். துக்கம் வந்த வீட்டில் ஒரு சிறு பெண்ணைப் பண்டிகையிலிருந்து தள்ளி உட்காரவைப்பதும் அவருக்குத் தெரிந்த கதைதான். சாயந்திரம் தாதரில் இறங்கி ஒரு சீட்டிப் பாவாடையும் ஒரு பெட்டி மத்தாப்பும் வாங்கிக்கொண்டு வந்தார்.

தீபாவளியன்று விடியும் முன்பே வெந்நீர் போட்டார். மகளின் தலையில் எண்ணெய் வைப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அளவு தெரியாமல் ஊற்றிவிட, அது கண்ணில் வழிந்தது. ராஜி கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள். "அம்மா நெத்தியில துணி கட்டுவா" என்றாள். உக்காரையை அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் கிளறினார். பாகு முறுகிக் கட்டி கட்டியாக வந்தது. அதையும் இரண்டு பேரும் தின்றார்கள். பிறகு அவள் பாவாடையைக் கட்டிக்கொண்டு நடைக்குப் போய் மத்தாப்பைக் கொளுத்தினாள்.

அப்போதுதான் அகிலாண்டம் மாமி பலகாரத் தட்டோடு தன் வீட்டுக் கதவைத் திறந்து நடைக்கு வந்தாள். பாவாடையைப் பார்த்தாள், மத்தாப்பைப் பார்த்தாள். நாணுவின் போர்ஷனுக்குள் வந்து தட்டை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சாமி இல்லைன்னு இருந்தேள், சரி. வாலாம் இல்லைங்கறதும் உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆயிடுத்தா?"

அவள் கண் கலங்கியிருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் நாணு ஏதாவது சொல்லியிருப்பார்.

மாமி போன பிறகு, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜி உள்ளே வந்தாள். மத்தாப்பு அணைந்து கம்பி மட்டும் கையில் இருந்தது. பாவாடையை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கவுனைப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா போனதுல நமக்கு வருத்தமே இல்லைன்னு மாமி நெனைக்கறாளா?"

"நெனைக்கறா."

"நமக்கு இருக்கோன்னோ?"

"இருக்குடி குழந்தே. அதை எப்படிக் காட்டறதுன்னுதான் எனக்குத் தெரியல்லை."

அவள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எண்ணெய் சரியாகப் போகாத தலை அவர் வேட்டியையெல்லாம் ஈரமாக்கியது. மயானத்திலும் அழாத மனிதர், வெளியே சரவெடி சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில் அழுதார்.

மத்தியானம் வேங்கடசுப்ரமணியன் வந்தார். மாடிப்படியிலேயே யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சண்டை போட வந்தவர் மாதிரித்தான் நுழைந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"ரெண்டு நாள் குழந்தை எங்காத்துல இருக்கட்டுமே" என்றார் கடைசியில்.

ராஜி அப்பாவைப் பார்த்தாள். "போயிட்டு வா" என்றார் நாணு.

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள் அவரே அவளை லோக்கலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்கோபரில் விட்டார். அங்கே அவளுக்குச் சொந்த மாமி இருந்தாள், சேர்ந்து விளையாடப் பிள்ளைகள் இருந்தார்கள். ரயிலில் வரும்போதே அங்கே வைக்கப்போகும் வாணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். "நீரும் இருந்துட்டுப் போமேன்" என்றார் மைத்துனர். நாணு சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் கட்டடம் முழுக்க விளக்கு எரிந்தது. வருஷம் திரும்பி இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. துக்கவீட்டுக்குக் கொடுப்பது போல யாரும் பலகாரம் கொண்டுவந்து தரவேண்டிய அவசியம் இப்போது இல்லை. நடையில் எதிர்ப்பட்ட அகிலாண்டம் மாமி இருட்டாகக் கிடந்த அவர் போர்ஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாமி இல்லாத மனுஷர் பழையபடி ஆகிவிட்டார் என்று நினைத்தவளாகத் தன் வீட்டுக்குள் போனாள். நாணு சட்டையை மாட்டிக்கொண்டார். ஆனால் ஃபைவ் கார்டன்ஸுக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வாலாம்பாளின் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, வெளியே வெடிச்சத்தம் அடங்கும்வரை அப்படியே இருந்தார்.