ஆம்பூர்ப் பட்டைத் தூள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் என் தம்பி தாசு இருமித் துப்பும்போது சிவப்பாக வருகிறதென்று, அங்கிருந்து மதராஸ் வந்த உறவுக்காரர் சொன்னார். க்ஷயம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பாவை அந்த வியாதிக்குத்தான் பறிகொடுத்திருந்தோம். பங்குனி மாதம், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

பகல் ஒரு மணிக்கு ஆம்பூர். ஜட்காக்காரர், "பட்டை இடிக்கிற கொட்டாய்க்காம்மா? மூக்க மூடிக்கினு போங்க, தூள் ஜாஸ்தி" என்றார்.

தோல் பதனிட ஆவாரம்பட்டையை இங்கே இடித்துச் சலிக்கிறார்கள். ரம்பத்தூள் என்றால் கையில் உறுத்தும், உதறினால் விழுந்துவிடும். இது அப்படியில்லை. விரலிடையில் தேய்த்தால் மாவாக வழுக்குகிறது. நடுவே மெல்லிய நார் தட்டுப்படுகிறது. வியர்வை பட்டதும் காவியாகக் கரைந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. புருவம்வரை காவியேறி நின்ற தாசுவை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம?"

"கைக்குட்டையைக் காட்டு."

தயங்கித் தயங்கிக் காட்டினான். துருநிறக் கறைகள். "நீ பயந்துடுவியேன்னுதான்..." என்றான். என்னைவிட அவன்தான் பயந்து போயிருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணி மோட்டார் பஸ்ஸில் வேலூர் புறப்பட்டோம். முப்பது மைல். பள்ளிகொண்டாவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மாவ பாத்துப்பியாக்கா?" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி வாங்கிக்கொண்டார். பிற்பகலில் எங்களைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பழுப்புச் செதில்கள், உடைந்த முடிபோல நார்கள்.

"ரத்தம் இல்ல, க்ஷயக் கிருமியும் இல்ல. எல்லாம் பட்டைத் தூள். ஆனா இன்னும் மூச்சுல இழுத்துக்கினு இருந்தா நெஞ்சு கெட்டுடும். வேற வேலை பாரு. அடுத்த மாசம் வந்து காட்டு."

சாயங்காலம் ஆம்பூர் திரும்பி மேஸ்திரியிடம் கேட்டோம். "வெளிய தோல் காயப்போட ஆள் கம்மிதான். நாளைக்கே அங்க வந்துடு, தாசு" என்றார்.

இந்தத் தடத்தில் போகிறவர்கள் பஸ்ஸில் முன்வரிசையைத் தவிர்க்கவும். இன்ஜின் சூடு தாங்காது. பட்டைக் கொட்டகை வேலைக்காரர் வீட்டில் இருந்தால், கறையைக் கண்டு அழுதுகொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எங்களைப்போல நல்ல சேதியே கிடைக்குமென்று சொல்லமாட்டேன். ஆனால் வேலூரிலிருந்து திரும்பிய பஸ்ஸில் தாசு என் தோளில் சாய்ந்து வாய்பிளந்து தூங்கினான். மாதக்கணக்கில் அப்படித் தூங்கியதில்லையாம்.