டீசல் ஃபில்டர் திருகாணி

ஆரோக்கியசாமி டீசல் திருடவில்லை. திருகாணியை இறுக்காமல் விட்டவன் நான்.

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் என் பழைய டீசல் கார் கிளம்பவில்லை. மெக்கானிக் ஃபில்டரின் மேலிருந்த திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினார். நுரையோடு டீசல் வழிந்தது.

"டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்குங்க சார்."

அந்த வாடையில் எங்கள் பழைய தென்னூர் வீட்டு வாசல் வந்துவிட்டது. ஆரோக்கியசாமி அப்பாவின் டிரைவர். குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை இப்படித்தான் அழுத்துவார். பதிமூன்று வயதில், ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபின், நானும் செய்து பார்த்தேன். மறுநாள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டால் கார் உறுமியது, கிளம்பவில்லை. கீழே மண்ணில் டீசல் ஈரம்.

"யாருக்குடா உறிஞ்சி வித்தே?" என்றார் அப்பா, ஆரோக்கியசாமியிடம்.

"மாதா சத்தியமா இல்லீங்க."

நான் வாய் திறக்கவில்லை. அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

இன்று மதியம் திருவெறும்பூரில் அவர் மகன் வீட்டைத் தேடிப் போய், ஆரோக்கியசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் திருடலன்னு எனக்குத் தெரியும் தம்பி. அவகிட்ட சொல்லுங்க," என்று மனைவியைக் காட்டினார்.

அந்த அம்மாளிடம் முதலிலிருந்து சொன்னேன். அவர் கணவரைப் பார்த்தார்.

"அப்ப நீங்க எடுக்கலயா?"

"அன்னிக்கே சொன்னேன்ல."

"ஒவ்வொரு சண்டையிலயும் டீசல் திருடன்னு சொன்னேனே. ஒரு நாளாவது என்னைய அறைஞ்சிருக்கலாம்ல?"

"சரி, தம்பிக்குக் காபி போடு."

உள்ளே போனவர் ஒரே ஒரு தம்ளரோடு வந்தார். கணவரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.