பாறமடையில் பச்சை படர்ந்தபோது

பதினோரு வருஷமாகத் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. கழக்கூட்டத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். ஹாஸ்டல் தொட்டி, ஹோட்டல் கிணறு, ஃபிளாட்டு போர்வெல் என்று பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கும். இரும்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு, சாக்கடைக் கிருமி உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. இத்தனை வருஷத்தில் என் நெஞ்சு படபடத்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் சொந்த அண்ணன் மீன் வளர்த்த தண்ணீரால்.

அண்ணன் வீடு பாறசாலைக்கு அப்பால், மாநில எல்லையோரத்தில். கல் உடைத்துக் கைவிட்ட குழிகளில் மழைநீர் நின்று குளமாகிவிடும். எங்கள் பக்கம் அதைப் பாறமடை என்போம். அப்படி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து திலேப்பியாக் குஞ்சு விட்டிருந்தார். முதல் பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் என்று ஏற்பாடு. சபையில் பாதிப்பேர் மீனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கூடமாட ஒத்தாசைக்கு நான் சனிக்கிழமை காலையே போய் இறங்கினேன்.

குளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். யாரோ பச்சைப் பெயிண்டை டப்பா டப்பாவாகக் கொட்டிக் கலக்கியதுபோல் இருந்தது. காற்று ஒதுக்கிய மூலையில் ஏடு கட்டிக் கிடந்தது.

"பாத்தியா பிள்ளே, வெள்ளத்துக்க நெறத்த. கோழிவளம் போட்டதுக்க பலன். மீனுக்கு நல்ல தீனியாக்கும்," என்றார் அண்ணன் பெருமையாக. கோழி எருவைத்தான் கோழிவளம் என்றார்.

பின்னாலேயே வந்த அண்ணன் மனைவி, என் மைனி, கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை தடித்திருந்தது. "வலைய அலசின அன்னைக்கே சொறியத் தொடங்கிச்சு. நம்ம தாராவும் ரெண்டு செத்துப்போச்சு."

"அது பாம்பு கடிச்சிருக்கும்," என்றார் அண்ணன்.

அந்த வாத்துகள் ஏடு கட்டிய மூலையில்தான் தண்ணீர் குடிக்கும் என்று மைனி சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாட்டிலில் தண்ணீர் எடுத்தேன். மூன்று மீனைப் பிடித்துத் தரச்சொல்லி ஐஸில் வைத்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே பஸ்ஸில் திரும்பினேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஐஸ் உருகிப் பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டி நனைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆய்வுக்கூடத்தில் என் மேலதிகாரியான மேடம் மட்டும் இருந்தார். ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கூழுக்குள் புதைந்த பச்சை மணிகள், கொத்துக் கொத்தாக. புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த படம் கண்ணுக்குக் கீழே மிதந்தது. மேடம் என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது அது தன்னெ," என்றார் மலையாளத்தில். "நமக்கு இதுவரெ வந்திட்டில்ல."

நீலப்பச்சைப் பாசி என்று பெயர் இருந்தாலும் அது பாசி அல்ல, பாக்டீரியா. எல்லாம் விஷம் கக்குவதில்லை. இந்த வகை கக்கும் விஷத்துக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டை உண்டு, கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த பட்டை மாதிரி. ஆனால் கணக்கு தலைகீழ்: இரண்டாவது கோடு வந்தால் பயமில்லை, வராவிட்டால் விஷம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். இரண்டாவது கோடு வரவே இல்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துள்ள வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. போனில் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் பிடிக்கண்டாம் அண்ணா."

"ஊரு முழுக்கச் சொல்லியாச்சு பிள்ளே. நீ சோதிச்சது மீனையா, வெள்ளத்தையா?"

"வெள்ளத்த. மீனுக்க ரிசல்ட் திங்கக்கிழமைதான்."

"அப்ப மீன்ல இருக்குன்னு ஒனக்கு உறுதியில்ல."

"இல்லன்னும் உறுதியில்ல."

போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தபோது பாறமடைக் கரையில் நாற்பது பேராவது இருப்பார்கள். கையில் கூடை, வாளி, துணிப்பை. வலை விரித்துத் தயாராகக் கிடந்தது. என்னைக் கண்டதும் அண்ணன் ஒரு பாறைமேல் ஏறி நின்றார்.

"இன்னைக்கு மீன் கெடையாது," என்றார். "ஏன்னு எனக்க தங்கச்சி சொல்லுவா. கேளுங்க."

நாலு பேருக்கு முன்னால் நான் பேசியதே இல்லை. ஆனாலும் நிறுத்தாமல், பார்த்ததை எல்லாம் சொன்னேன்.

"நல்லா வேவிச்சா போராதா?" என்று கேட்டார் சபையில் ஒரு பெரியவர்.

"வேவிச்சா கிருமிதான் சாவும். இது விஷம். கொழம்புலயும் அப்படியே கெடக்கும். ஒரு நேரம் தின்னா வாந்தியும் வயித்தோட்டமும் வரலாம். நாளாவட்டத்துல ஈரலைக் கெடுக்கும்."

பிறகு கூடைகளோடு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அண்ணன் வலையைச் சுருட்ட ஆரம்பித்தார். கையுறை போடச் சொன்னேன், போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. ஈரலிலும் குடலிலும் ஏராளம். சதையில் குறைவு, ஆனால் இருந்தது. போனில் சொன்னபோது அண்ணன் மெதுவாக, "நல்லவேளை," என்றார். அவ்வளவுதான்.

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. வீட்டு முற்றத்தில் குழி தோண்டித் தார்ப்பாய் விரித்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார். நல்ல தண்ணீரில் கிடந்தால் மீனின் உடம்பிலிருந்து விஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று மேடம் சொல்லியிருந்தார். மீன் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர்களில் பத்துப் பேர் திரும்பி வந்து வாளி வாளியாக மீனைச் சுமந்து அதில் விட்டார்கள். பாசிக்குத் தீனியான கோழிவளம் அன்றோடு நின்றது. குளிக்காதே, மாட்டை இறக்காதே என்று குளத்தங்கரையில் பலகை வைத்தார். கொஞ்சம் மீன் செத்தது. மற்றது பிழைத்தது.

வாரம் ஒரு மீன் ஐஸில் கழக்கூட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் அளவு இறங்க இறங்க நானும் மேடமும் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப்போலத் தவித்தோம். ஆறாவது வாரம் சதையில் ஒன்றும் தென்படவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

மைனி குடலையும் ஈரலையும் நீக்கி, பூனை தோண்டாதபடி ஆழமாகப் புதைத்துவிட்டு, மீனை மிளகு அரைத்துப் பொரித்தார். அண்ணன் முதல் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"உப்பு கொறவு," என்றேன்.

மைனி சிரித்துக்கொண்டே உப்பை எடுக்கப் போனார்.