கேபிளில் நடந்து வந்தது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறையாது. என் பெயர் பெள்ளியப்பா. சக்லேஷ்புரத்தில் கேபிள் கம்பெனி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தேன். அந்த ஜூலை இரவு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மலைக்காட்டின் நடுவே ஆளில்லாத சிறு நிலையம் ஒன்று உண்டு. பதினோரு ஊர்களின் போனும் இன்டர்நெட்டும் அங்கிருந்து கண்ணாடி இழைக் கேபிளில்தான் வெளியே வரும். அதற்கு இரண்டு பாதை. ஒன்று என்னிடம். மற்றது மலைக்கு அந்தப் பக்கம், சுப்ரமண்யா நிலையத்தில் என்னைப் போலவே வேலை பார்க்கும் குசுமக்காவிடம். எங்கள் இரண்டு நிலையங்களிலும், போனுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று என்றிருந்த பழைய ஸ்விட்சுகளைக் கழற்றிவிட்டு, இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கும் ஒரே புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஊர் தூங்கும்போதுதான் இந்த வேலை நடக்கும். ஆளுக்கொரு நிலையத்தில் தனியாக இருந்தோம். செல்போன்தான் துணை.

1.10க்கு மாற்றி முடித்தோம்.

"என்ன மாராயா, குரல் நடுங்குது?" என்றார் அக்கா. அவருக்கு எல்லோரும் 'மாராயா'தான்.

"மழைக் குளிர், அக்கா."

"பொய் சொல்லாதே. நீ பயந்தாங்கொள்ளின்னு உன் பொண்டாட்டியே சொல்லியிருக்கா."

சிரித்துக்கொண்டிருந்தபோதே கேபிளில் வரும் ஒளி மங்கியதைத் திரை காட்டியது. ஒரு நொடிதான். சரியானது. மறுபடி மங்கியது.

கேபிளை எங்கோ எதுவோ அழுத்துகிறது. அது எத்தனை தூரத்தில் என்று காட்டும் கருவி உண்டு. மாட்டினேன். 19 கிலோமீட்டர். நடுக்காடு.

"யானை மிதிச்சிருக்கும்."

"ஒன்றரை மீட்டர் ஆழத்துலயாக்கா?"

1.40. மறுபடி பார்த்தேன். 14 கிலோமீட்டர்.

2.05. எட்டு.

ஒளி மங்குவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒன்று... இடைவெளி... ஒன்று... காலடி வைப்பது மாதிரி.

"அக்கா... இது நடந்து வருதுக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "என் பக்கம் சுத்தமா இருக்கு. நீ கதவைத் தாழ் போட்டுக்கோ."

போட்டேன்.

2.22. 900 மீட்டர்.

2.28. அறுபது.

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை... ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது.

தரைக்கு அடியில், கேபிள் உள்ளே வரும் குழியில்...

டப்.

டப்.

"கேபிளைப் புடுங்கிடு!" அக்கா கத்தினார்.

"பதினோரு ஊர் செத்துடும்கா! யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிட்டா..."

"புதுப் பெட்டி எல்லாத்தையும் என் பக்கம் திருப்பிடும். புடுங்குடா!"

ஆறு மீட்டர்.

நாலு.

குழியின் மூடி அசைந்தது.

பிடுங்கினேன். 2.31.

மழைச் சத்தம் திரும்பி வந்தது. வேறு சத்தமில்லை. செல்போன் இணைப்பு அறுந்திருந்தது. ஏழு முறை கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. அசதியில் தூங்கிவிட்டார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

காலையில் சுப்ரமண்யா நிலையத்தின் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. குசுமக்கா இல்லை. அவர் செல்போன் கேபிள் குழிக்குள் கிடந்தது. அதில் என் ஏழு அழைப்புகள். குழி மூடியின் நான்கு திருகுகளும் இறுக்கியபடியே இருந்தன. இன்றுவரை அக்கா கிடைக்கவில்லை.

பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. புதுப் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் பாதையை மாற்றிவிட்டதாம். என் பக்கம் வந்துகொண்டிருந்ததெல்லாம், ஒன்று விடாமல், அக்கா பக்கம் போய்ச் சேர்ந்ததாம்.